மான் படுக்கும் வரை

கடதாசிக் குவளையில் குடித்தால் எனக்குத் தேநீர் குடித்ததுபோலவே இருப்பதில்லை. ஆனாலும் கேட்காமலே வாங்கித் தந்தீரே, நன்றி. நிரோஜா என்றுதானே பெயர் சொன்னீர், பிள்ளை? நான் தமிழில் சொல்வதை இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே பிரெஞ்சில் சொல்லும். மெருகு பூச வேண்டாம். முதல் தடவை வாக்குமூலம் கொடுத்தபோது மொழிபெயர்க்க வந்த பையன், நான் அழாத இடத்திலெல்லாம் தன் குரலை இறக்கினான். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்றைக்கு நானாக வந்தது என் மகள் ஜென்சிக்காக. அவளுடைய கணவர் ஜெராட் செத்த நாளிலிருந்து அவள் கேட்பது ஒரே கேள்வி. "அம்மா, அவர் கூப்பிடேல்லையா? ஒருக்காக்கூடக் கூப்பிடேல்லையா?" அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்றிருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று தன்னையே தின்கிறாள். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. பெற்ற பிள்ளை உருகுவதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்?

மருமகன் நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லும். குடி இல்லை. கைநீட்டும் பழக்கம் இல்லை. ஞாயிறு பூசைக்கு என்னைக் காரில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டுத்தான் கார் நிறுத்த இடம் தேடுவார். ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியபோது, வெயில் விழும் அறையை எனக்கென்று ஒதுக்கியவரும் அவர்தான். எனக்கு ஒத்துவராமல் போனது அந்த வில் ஒன்றுதான்.

வேலையிடத்தில் யாரோ மான் வேட்டை பழக்கிவிட்டார்கள். கப்பி பூட்டிய வில். பின்வளவில் ரப்பர் மான் ஒன்றை நிறுத்தி, கோடை முழுக்க எய்து பழகினார். அதுவரைக்கும் பரவாயில்லை. இலை பழுக்கத் தொடங்கியதும், பிறிஜ்ஜுக்குள் என் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல் வந்தது.

"இதென்ன தம்பி, மருந்தோ?"

"இல்லை மாமி, பெட்டை மானின்ர மூத்திரம். சப்பாத்தில பூசினா, கிடாய் மணந்து கிட்ட வரும். வெளியில வைச்சாப் பழுதாப் போயிடும்."

"மூத்திரமும் பழுதாப் போகுமோ?"

ஜென்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, பாத்து. மோர் எண்டு நினைச்சுக் கறிக்க விட்டிடாதேங்கோ." நானும் சிரித்தேன். அவர்கள் போனபின் தயிரை எறிந்தேன், சட்டியோடு.

நான் அசூசை பிடித்த கிழவி என்று நினைக்கவேண்டாம். எங்கள் வீட்டில் இறைச்சிக்கு விலக்கில்லை. இந்த நாட்டுக்கு வந்து கோழித் தொழிற்சாலையில் நின்றவள் நான். தோள்மூட்டு விட்டுப்போகும்வரை, கோழி வயிற்றுக்குள் கைவிட்டுக் குடல் இழுத்தேன். வீட்டுக்கு வந்து தேசிக்காய் தேய்த்துக் கை கழுவிய பிறகுதான் ஜென்சியைத் தொடுவேன். அந்த ஊத்தை அவளில் படக்கூடாது. அதற்காகவே படிப்பித்தேன். இப்போது கர்க்லாண்டில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. கையுறை போட்ட வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை மான் வந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்ததும் நான் முதலில் கண்டது நாக்கை. பல்லிடுக்கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பழுத்த இலை ஒட்டியிருந்தது. கராஜ் கூரையில் கயிறு போட்டுத் தூக்கினார்கள். ஆம், தூக்கினார்கள், கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவள் ஜென்சி. சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவே ஒரு கதவுதான். ஒரு வாரம் மான் அங்கேயே தொங்கியது. அந்த மணம் கதவுக்குக் கீழால் வந்து சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குள் மான்மயிர். கழுவுதொட்டியில், சுரண்டினாலும் போகாத கொழுப்பு. அதனால் அந்தக் கதவைத் தாழ் போட்டு வைக்கப் பழகிக்கொண்டேன். இதை அதிகாரிக்குத் தெளிவாகச் சொல்லும். பழக்கம்.

மான் வந்த அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஜெராட் கதை சொன்னார்.

"அம்பு விலாவுக்க இறங்கினது, மாமி. ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சு பத்தைக்குள்ள போயிட்டுது. நான் மரத்தில இருந்து இறங்கேல்ல."

"ஏன் இறங்கேல்ல?"

"உடன பின்னால போனா, வெருண்டு இன்னும் தூரம் ஓடும். சும்மா இருந்தா, கிட்டடியில எங்கையாவது போய்ப் படுத்திடும். படுத்தா எழும்பாது. பொறுக்கிறதுதான் மாமி இதில கஷ்டமான வேலை."

"கத்தேல்லையோ அது?"

"மூச்சிழுக்கிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம்."

"அந்த நேரம் நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பிளாஸ்கில உங்கட தேத்தண்ணி இருந்தது. குடிச்சன். நல்ல சூடு."

என் தேநீர். இஞ்சி தட்டிப் போட்டு, நான் ஊற்றிக் கொடுத்தது.

ஜென்சி ஈரல் பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு விரலை நக்கினாள். நக ஓரத்தில் காய்ந்த இரத்தம் இருந்தது. அதையும் சேர்த்தே நக்கினாள். "அடுத்த வருஷம் நானும் வாறன், என்ன?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஓம், உமக்கும் ஒரு வில் எடுப்பம்."

நான் எழும்பிக் குளியலறைக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். திரும்பி வந்து கோப்பைகளைக் கழுவி அடுக்கினேன்.

அடுத்த வாரச் சனிக்கிழமை ஜென்சி வேலைக்குப் போனாள். ஜெராட் கராஜில் மான் தொடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அயலவர் முகம் சுளிப்பார்கள் என்று பெரிய கதவை இறக்கிவிட்டிருந்தார். கை அழுக்கென்று போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய லீக்ஸ் தண்டைக் கறிக்கு அரிந்துகொண்டிருந்தேன். ஏதோ விழுகிற சத்தம். பிறகு, "மாமி!"

கதவைத் திறந்தேன். நிலத்தில் இருந்தார். கத்தி வழுக்கி அவருடைய தொடையின் உட்பக்கத்தில் ஆழமாக வெட்டியிருந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார், விரலிடுக்கால் வந்துகொண்டேயிருந்தது. அவருக்கு மேலே மான், தோல் இல்லாமல்.

"மாமி, துவாய் ஒண்டு, கெதியா. அம்புலன்சுக்கு அடியுங்கோ."

"ஓம் தம்பி. அசையாதேங்கோ. அடிக்கிறன்."

கதவைச் சாத்தினேன். தாழ் போட்டேன். சொன்னேனே, பழக்கம்.

துவாய் எடுக்கத்தான் போனேன். அலுமாரியில் இருந்ததெல்லாம் வெள்ளை, ஜென்சி புதிதாக வாங்கியவை. அலுமாரியைச் சாத்திவிட்டு வந்து தேநீருக்குக் கேத்திலைப் போட்டேன். போன் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. நான் இஞ்சி தட்டினேன்.

அவர் கூப்பிட்டார். ஜென்சியின் கேள்விக்கு அதுதான் பதில். முதலில் உரத்துக் கூப்பிட்டார். பிறகு நிலத்தோடு இழுபடுகிற சத்தம் கதவு வரைக்கும் வந்தது. கதவின் அடிப்பக்கத்தில் தட்டினார்.

"மாமி, நிக்கிறீங்களோ?"

நின்றேன். கதிரையைக் கதவடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பதில் கொடுத்திருந்தால் எழும்பப் பார்த்திருப்பார். எழும்பினால் இரத்தம் இன்னும் போகுமல்லவா? ஒருதரம் ஜென்சியின் பெயரைச் சொன்னார். பிறகு அந்த மூச்சிழுக்கிற சத்தம். தேநீர் முடியுமுன்பே அதுவும் நின்றுவிட்டது. அவர் சொன்னது சரி. பொறுக்கிறதுதான் கஷ்டம்.

குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன். கதவின் அடியில் அவர் கை பட்ட இடத்தைத் துடைத்தேன். தரையைத் துடைக்கவில்லை, அங்கே எது மானுடையது, எது அவருடையது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அதன்பிறகு அம்புலன்சுக்கு அடித்து, போய்ப் பார்த்தபோதே பேச்சுமூச்சில்லை என்றேன். இரத்தம் கண்டால் எனக்குத் தலை சுற்றும் என்றும் சொன்னேன். அது பொய். கோழித் தொழிற்சாலையில் நின்றவளுக்கு என்ன தலைச்சுற்று?

ஏன் என்று அதிகாரி கேட்கிறார் போலிருக்கிறது. கோபம் இல்லை என்று சொல்லும். அருவருப்பு, அவ்வளவுதான். வீடு பழையபடி துப்பரவாக வேண்டும், என் பிள்ளையின் கை பழையபடி சுத்தமாக வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் ஜென்சி அந்த இறைச்சியை எறிய விடுகிறாள் இல்லை. பிறீசரைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள். வில்லைத் தன் கட்டிலில், அவர் படுத்த பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு நீரே சொல்லும், பிள்ளை. என் வாயால் சொன்னால் கேட்கமாட்டாள். அவர் கூப்பிட்டவர் என்று சொல்லும். அவளுடைய பெயரையும் சொன்னவர் என்று சொல்லும். அவர் தனியாகச் சாகவில்லை, அதையும் மறக்காமல் சொல்லும். கடைசி மூச்சு வரைக்கும் நான் பக்கத்திலேயே இருந்தேன், கதவுக்கு இந்தப் பக்கம்.