முன்பக்கம் ஒரு தோள்

"ஹலோ... ஹலோ, ஃபெர்கல்? கேக்குதா?... ஆமா, ப்ரோனாதான்... இல்ல, கயித்துப் பாலத்துக்கு இன்னும் போகல... மணி எனக்கும் தெரியும்... தெரியும்ங்கறேன்ல! பன்னெண்டு பத்து... க்ளெனாராவுல நிக்கிறோம்... ஆமா, க்ளெனாரா. கடற்கரை ரோட்டுலதான்... ஐயோ, கத்தாதீங்க, காது ஜவ்வு கிழியுது!"

சுற்றுலாப் பேருந்தின் படியில் நின்றுகொண்டு, கடல் காற்றின் இரைச்சல் கேட்காமலிருக்க ஒரு காதில் விரலைத் திணித்திருந்தாள் ப்ரோனா. வழிகாட்டி வேலைக்கு வந்து இது இரண்டாவது கோடை. மேலாளர் ஃபெர்கலிடம் வசவு வாங்காத வாரம் கிடையாது.

"நீங்க காலையில போர்டுல எழுதினதைப் படிச்சேன். 'இன்னிக்கு எல்லா வண்டியும் மலை ரோடு வழியா.' நான் சொல்லாமயா இருந்தேன்? உங்க டிரைவர் லோர்கன் கேட்டாத்தானே! கல்லுளிமங்கனாட்டம் நேரா கீழ இறக்கிட்டான்... கண்ணாடியில ரெண்டு கறுப்பு டை வேற மாட்டி வச்சிருந்தான். என்னடா கண்றாவி இதுன்னு கேட்டேன். ம்ஹூம்... ரோடு வேலையா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சாவு, ஃபெர்கல். சாவு ஊர்வலம்... ஆமா. பெட்டியைத் தோள்ல தூக்கிட்டு நடக்கறாங்க. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். நாங்க எங்க ஒதுங்க?... ஹாரனா? சாவுக்கு ஹாரன் அடிக்கச் சொல்றீங்களா? நல்லாருக்கே நியாயம்!"

"சரி... சரி... ஆமா, கப்பல் மூணு மணிக்கு. விட்டா முப்பத்தியொரு பேரும் பெல்ஃபாஸ்ட் துறைமுகத்துலதான் குடும்பம் நடத்தணும், தெரியும்... லோர்கன்கிட்ட குடுக்கவா? அவன் எங்க இருக்கான் குடுக்க! சாவியைப் பையில போட்டுக்கிட்டு, சாவுக்குக் கட்டற அந்தக் கறுப்பு டைல ஒண்ணைக் கட்டிக்கிட்டு, பெட்டி தூக்கப் போயிட்டான்... பயணிங்களா? அவங்களும் இறங்கிப் பின்னாடியே போயாச்சு. அந்த மஞ்சக் கோட்டு அம்மா தேம்பித் தேம்பி அழுவுது. செத்தது யாருன்னே அதுக்குத் தெரியாது. ரெண்டு பேர் கையில சாண்ட்விச் வேற... எனக்கும் சிரிப்பு வரல, ஃபெர்கல்."

"இல்ல, இப்ப நடக்கல. அதைத்தான சொல்ல வர்றேன், விட்டாத்தானே! கோயில் வாசலுக்கு நூறடிகூட இல்ல. அங்க ரெண்டு நாற்காலி போட்டு, பெட்டியை இறக்கி வச்சுட்டு நிக்கிறாங்க. பாதிரியார் வாசல்ல வாட்சைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார்... ஏனா? நல்லாக் கேட்டீங்க. கடைசி நூறடி சொந்த ரத்தம்தான் முன்னாடி நின்னு தூக்கணுமாம். நான் பெல்ஃபாஸ்ட்காரி, எனக்கென்ன தெரியும்? முன்பக்கம் இடது தோள் காலியா இருக்கு. அது தம்பியோட இடமாம். ஊர்ல ஒருத்தனும் அதுல நுழைய மாட்டேங்கறான். தம்பியே வரணும், இல்ல தம்பியே வாயைத் திறந்து 'எனக்குப் பதிலா இன்னார் தூக்கட்டும்'னு சொல்லணும்..."

"உயிரோடதான் இருக்கானாம்! நாப்பது நிமிஷத் தூரத்துல, குத்துக்கல்லாட்டம். பத்தொம்பது வருஷமா பேச்சு வார்த்தை இல்லையாம். எதுக்குன்னு கேளுங்க. வயலுக்குப் போற கேட்டு! அதை அண்ணன் பூட்டினாராம், தம்பி உடைச்சாராம், மறுபடி பூட்டினாராம். கேட்டு பெருசா, கூடப் பொறந்தவன் பெருசா? நான் விடல, ஃபெர்கல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, 'அவன் மனுஷனா, மாடா? கல்லு கரைஞ்சாலும் அவன் கரைய மாட்டான் போல'ன்னு அத்தனை பேர் முன்னாடியும் கேட்டுட்டேன். அப்பத்தான் லோர்கன் சொன்னான், 'ஆபீசுக்குப் போனைப் போடு, இதை அப்படியே சொல்லு'ன்னு... ஹலோ?... ஹலோ?"

"கேக்குதா?... யாரு, செத்தவரா? ஆர்ச்சி. ஆர்ச்சி மெக்கிலப்... ஃபெர்கல்?"

ஃபெர்கலும் ஒரு மெக்கிலப்தான். ஆனால் இந்தப் பக்கம் கல்லெடுத்து எறிந்தால் ஒரு மெக்கிலப் தலையில்தான் விழும். அதனால்தான் அவளுக்கு அதுவரை உறைக்கவில்லை. இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கூட்டம் முழுவதும் பெட்டியைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயையோ... ஃபெர்கல், சத்தியமா எனக்குத் தெரியாது... மாடுன்னு நான்... இல்ல... மன்னிச்சிடுங்க... அதனாலதான் மலை ரோடா?... ஏன் ஒரு வார்த்தை சொல்லல?... சரி. கேக்கல. நான் கேக்கவே இல்ல."

"வேலையை விட்டுத் தூக்குங்க, நாளைக்கே தூக்குங்க. எங்களை இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்க வாயைத் திறந்தாத்தான் பெட்டி நகரும். பெட்டி நகர்ந்தாத்தான் வண்டி நகரும்... ஒரு பேராவது சொல்லுங்க. லோர்கன்னு சொல்லுங்க, தூக்கிடுவான்... வராதா? வாய்ல வரலையா?... ம்... அழாதீங்க... சரி, அழல. இருமல்தான்."

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆர்ச்சியின் மனைவி உனா. போனை வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டவில்லை.

"உங்க அண்ணி வந்திருக்காங்க... குடுக்கவா?... வேண்டாமா? அவங்களும் வேண்டாங்கறாங்க. நல்ல குடும்பம்!... இருங்க, ஏதோ சொல்றாங்க... அப்படியே சொல்றேன். 'கேட்டு நேத்துலேருந்து திறந்தே கிடக்கு'ங்கறாங்க... அவ்வளவுதான். போயிட்டாங்க."

"ஃபெர்கல்?... இருக்கேன்... லைன்லதான் இருக்கேன்... என்னது?... வேற வண்டியா? நீங்களே ஓட்டிட்டு வர்றீங்களா?... ஓட்டறதுக்கு டிரைவர் கெவினையும் கூட்டிட்டு. சரி. அவன் இவங்களைக் கப்பல்ல கொண்டு போய் விடுவான்... கயித்துப் பாலம் பாக்கறது போச்சு, போகட்டும்... ஆமா, ஆமா. பயணிங்களுக்காகத்தான் வர்றீங்க. வேற எதுக்கும் இல்ல. நான் வேற ஏதாவது சொன்னேனா?... பாதிரியாரை நிக்க வைக்கிறேன். ஊரே நிக்கும். நீங்க மலை ரோட்டுல பறக்காதீங்க, ஆடுங்க குறுக்க வரும்."

"இன்னும் என்ன?... சட்டை எதுவா இருந்தா என்ன... டையா?"

அவள் திரும்பி ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"வாங்க, ஃபெர்கல். லோர்கன் காலையிலேயே உங்களுக்கு ஒண்ணு மாட்டி வச்சிருக்கான்... ஹலோ?... ஹலோ?"

அவர் கிளம்பிவிட்டிருந்தார்.