ஏழாவது அர்த்தம்

...இல்லம்மா, நீங்களே சொல்லுங்க, அகராதின்னு ஒண்ண எதுக்கு அச்சடிக்கறாங்க? ஒரு வார்த்தைய நம்பி உள்ள போனா ஆறு வாசலத் தொறந்து விடறான். எந்த வாசல்ல போனா யார் வீட்டுல போய் நிப்போம்னு ஒரு குறிப்பு உண்டா? கிடையாது! ...பேனா குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்மா. இந்த தபாலாபீஸ் பேனாவுக்கு நூல் மட்டும்தான் கெட்டி, மை கிடையாது. உங்க டோக்கன் எத்தன? நாப்பத்தியொண்ணா? முப்பத்தாறுதான் ஓடுது. உக்காருங்க.

எம் மருமக ஜப்பான்காரி. பையன் அங்க வேலைக்குப் போனான், அங்கயே கட்டிக்கிட்டான். போன வருஷம் நாப்பது நாள் வந்து எங்கூட இருந்தா. அவளுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் ஏதோ நாலு வார்த்தை. எனக்கு அவ பாஷை சுத்தமாத் தெரியாது. எதிரெதிர உக்காந்து பட்டாணி உரிப்போம். நாப்பது நாள்ல ஒரு மனஸ்தாபம்? ம்ஹும். பேசிக்கிட்டாதானே வர்றதுக்கு! அப்புறம் பேசினேன்... வந்துருச்சு.

நான் வெளியில போய்ட்டு வந்து செருப்ப உதறிப் போட்டா, பின்னாலயே வந்து ரெண்டையும் வாசலப் பாத்துத் திருப்பி வெப்பாம்மா. அடுத்த தடவ கெளம்பறப்ப கால நுழைச்சா போதும். இப்ப அது செவுத்தப் பாத்துட்டுக் கெடக்கு. சரி, ஒரு வரி எழுதுவோமேன்னு... 'ஐ மிஸ் யூ'. அதையும் அவ பாஷையிலயே எழுதிருவோம்னு. முப்பத்திநாலு வருஷம் இங்கிலீஷ் டீச்சர் நான். இன்னிக்கும் தெருவுல போனா 'மிஸ்! மிஸ்!'னு கூப்பிடறாங்க. எம் பேரே அந்த வார்த்தைதான், அதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?

இங்கிலீஷ்-ஜப்பான் அகராதியப் பிரிச்சேன். குறி தவறினா ஒண்ணு, பஸ்ஸ விட்டா இன்னொண்ணு. நடுவுல கல்யாணமாகாத பொண்ணு ஒருத்தி வேற நிக்கறா. ஆறாவதா, அடியில, 'மிஸு'ன்னே ஒண்ணு! ரெண்டே எழுத்து. அட, நம்ம ஆளு இங்கயும் வந்து குடியிருக்கானேன்னு ஒரே சந்தோஷம். மிச்சத்த அவளுக்குப் புரியற மாதிரி சின்னச் சின்ன இங்கிலீஷ்ல எழுதிட்டு, அந்த ஒரு வார்த்தைய மட்டும் படம் வரையற மாதிரி பாத்துப் பாத்து வரைஞ்சேன்... இந்த வீட்டுல நீதான் மிஸ்னு.

அந்த ஊர்க்காரங்க அந்த வார்த்தைய கடன் வாங்கிட்டுப் போய் என்ன பண்ணி வெச்சிருக்காங்க தெரியுமா? 'தப்பு'! மிஸுன்னா அங்க தப்பு! அவ கவரப் பிரிச்சுப் பாக்கறா... இந்த வீட்டுக்கு நீ ஒரு தப்பு. கீழ என் கையெழுத்து, சுழிச்சு சுழிச்சு.

சிரிக்காதீங்கம்மா. சரி, சிரிங்க. எம் பையன் போன் பண்ணி, "அம்மா, என்னம்மா எழுதித் தொலைச்ச? ரெண்டு நாளா சரியா சாப்பிடாம உக்காந்திருக்கா"ன்னான். அடுத்த மாசம் ரெண்டு பேரும் வர்றதா இருந்தது. அகராதி பண்ண கோளாறுன்னு அவன் எடுத்துச் சொல்லியாச்சு. சரின்னுட்டாளாம். கோவமும் இல்லியாம். "அப்ப சரியான வார்த்தை எதுவோ, அத அவங்களே எழுதட்டும்"னாளாம். அது வந்தப்புறம்தான் பொட்டி கட்டுவாளாம். என்ன அழுத்தம் பாருங்க!

நம்ம பாஷையில எவ்வளவு சுளுவு. 'உன்னத் தேடுதும்மா'... முடிஞ்சுது. ஆனா அத அப்படியே எழுதினா போலீஸ் தேடுதுன்னு நெனச்சுக்குவா.

என்ன கேட்டீங்க? முன்னாடியே பையனக் கேட்டிருக்கலாமேன்னா?

...கேட்டேன்.

கேட்டேம்மா. மொத நாளே சொன்னான். 'ஸமிஷீ'. அவங்க எழுத்துல நாலு. போன்ல அனுப்பினான், அதப் பாத்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கூட வெச்சேன். அர்த்தம் என்னடான்னேன். "தனியா இருக்கேன், ஏக்கமா இருக்கு... அதாம்மா. அவங்க பாஷையில 'உன்ன மிஸ் பண்றேன்'னு தனியா கிடையாது, இப்படித்தான் சொல்லுவாங்க"ன்னான்.

இங்கிலீஷ்ல கடைசில ஒரு 'யூ' நிக்குதில்ல? அது பின்னாடி நாம ஒளிஞ்சுக்கலாம். இதுல யாருமே இல்லம்மா. நான் மட்டும் நடுக்கூடத்துல நிக்கறேன். நாப்பது நாள் பழகின பொண்ணுகிட்ட, இந்த வயசுல, எனக்குத் தனியா இருக்குன்னு எழுதிக் குடுக்கணுமாம். என்னால முடியாதுடான்னுட்டேன். போன வெச்சுட்டு அகராதிய எடுத்தேன். அந்தத் துண்டுச் சீட்ட பக்க அடையாளமா சொருகிட்டுத்தான் 'மிஸ்'ஸத் தேடினேன். புள்ளைங்க தப்பான அர்த்தத்த எடுத்தா ஸ்கேல் எடுத்த கை இது. நான் தெரிஞ்சேதான்...

நாப்பத்தியொண்ணு! உங்களத்தான், போங்க போங்க. நான் உக்காந்து இந்தப் புதுக் கடுதாசில அந்த ஒரு எடத்த நெரப்பிட்டு வரேன். காலியா விட்டு வெச்சிருக்கேன் பாருங்க, கடைசி வரிய.

ஏம்மா... பேனா! ஏங்க, உங்க பேனா! ...அந்தப் பக்கக் கதவு வழியாவே போய்ட்டாங்களே.

பேனா இல்லன்னு வீட்டுக்குத் திரும்பிரலாம்னு பாத்தேன். அதுக்கும் வழி இல்லாம போச்சு.

ஸ... மி...