வெற்றிடத்தில் ஒரு கேள்விக்குறி

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வேதிப்பொறியியல் துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே, அவருடைய அருமை மகளே, ஆய்வகத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் என் பணிவான வணக்கம். பேசுவதற்கென்று நான்கு பக்கம் எழுதிவைத்தேன். இங்கே ஏறி வந்து பையைத் திறந்தால் அந்த நான்கு பக்கத்தைக் காணவில்லை. ஒரு தொழிற்சாலையின் வரைபடம்தான் கையில் வருகிறது. இரண்டு நாளாக எனக்கு ஒன்றும் ஓடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரை இழந்து நிற்கிறோம்? பேராசிரியர் ஒருவரையா? அப்படிச் சொன்னால் அவரே சிரிப்பார்! பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? சாக்பீஸ் ஐயா என்றால்தானே இந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும்! ஆண்டுதோறும் பல நாடுகளின் இளநிலை மாணவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து, ஒரு முழுத் தொழிற்சாலையைத் தாளிலேயே கட்டி அனுப்பும் பன்னாட்டு வடிவமைப்புப் போட்டிக்குப் பதினோரு ஆண்டுகள் நம் அணியைத் தயார் செய்தவர் அவர். பத்து ஆண்டுகள் முதல் சுற்றிலேயே திரும்பி வந்தோம். அவர் சோர்ந்தாரா? இல்லை. கோபித்தாரா? அதுவும் இல்லை. இந்த ஆண்டு, முதன்முறையாக, இறுதிச் சுற்றில் நிற்கிறோம். நாளை நண்பகலுக்குள் இறுதி வரைபடம் போய்ச் சேர வேண்டும். அவர் இல்லை.

அவர் பாடம் நடத்திய விதம் உங்களுக்குத் தெரியும். மாணவர்களின் தொழிற்சாலையைத் தாழ்வாரத்துத் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைவார். பிறகு ஒவ்வொருவரையும் ஒரு வாயுவாக்கி அந்தக் கோட்டின் மேல் நடக்கவிடுவார். "நீ ஹைட்ரஜன், நீ நைட்ரஜன். நடங்க. எங்க முட்டுதுன்னு பாப்போம்." பெருக்கித் துடைக்கும் அம்மா இடுப்பில் கைவைத்து நிற்பார். "நேத்துதானே ஐயா துடைச்சேன், அதுக்குள்ள இன்னொரு ஃபேக்டரியா?" அவர் துடைப்பத்தை வாங்கித் தானே துடைப்பார். அடுத்த வாரம் மறுபடியும் வரைவார்!

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் உள்ளே இழுத்தார்.

"சும்மா நிக்காதீங்க சார், வாங்க. நீங்க ஆர்கான்."

"நான் ஏன் ஆர்கான்?"

"காத்துல கொஞ்சூண்டு இருக்கும், யார் கூடவும் ஒட்டாது. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தும் ஒருநாள்கூட அவர் வீட்டுக்குப் போகாதவன் நான், வேறென்ன சொல்வார்? கோட்டின் மேல் இரண்டு சுற்று நடந்தேன். மாடிப்படிப் பக்கம் ஒரு சின்னக் கோட்டை இழுத்து, "போங்க சார், இது உங்க வழி. டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

இந்த முறை தாழ்வாரத்தில் கோடு போடவில்லை. அவர் படுத்துவிட்டார், அணி என் கைக்கு வந்தது. அம்மோனியா தொழிற்சாலை. கணினி சரி என்றது, நானும் சரி என்று கையெழுத்துப் போட்டு, வரைபடத்தை மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவர் போன மறுநாள் அது திரும்பி வந்தது. அதில் பென்சிலால் ஒரே ஒரு கேள்விக்குறி! அதுவும் எங்கே? உலையிலா? குழாயிலா? ஒன்றுமே வரையாத வெற்றிடத்தில்! அவர் மகளைக் கேட்டேன். "அப்பா பென்சில் கேட்டாரு, போட்டாரு, சிரிச்சாரு. அவ்வளவுதான் சார்" என்றார்.

என்ன கேட்டார்? ஏன் கேட்டார்? நாங்கள் ஐந்து பேரும் இரண்டு நாளாகப் பார்க்கிறோம். "கை தவறியிருக்குமோ சார்?" என்றான் ஒருவன். "ஐயா கையா? தவறாது" என்றாள் ஒருத்தி. என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை அதை அழித்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று ரப்பரைக் கையில் எடுத்தேன்.

பொறுங்கள். இதோ, இந்த வரைபடத்தில் என் விரல் இருக்கிறது. அவர் பழக்கத்தை நான் சொல்லச் சொல்ல அது தானாக நடக்கிறது. நான் ஆர்கான். காற்றோடு உள்ளே வருகிறேன். உலைக்குள் போகிறேன். ஹைட்ரஜனும் நைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியாவாகிக் குளிர்ந்து கீழே வடிந்துவிடுகின்றன. சேராமல் மிஞ்சிய வாயுவை வீணாக்காமல் மறுபடி உலைக்கே அனுப்புகிறோம். அதோடு நானும் திரும்புகிறேன். மறுபடி உலை, மறுபடி சுற்று. எனக்குப் பின்னால் இன்னும் ஆர்கான் வந்துகொண்டே இருக்கிறது. ஐயோ, உள்ளே இடமில்லையே! நான் எங்கே வெளியே போவேன்? என் மாடிப்படி எங்கே?

இங்கே! விரல் கேள்விக்குறியின் மேல் நிற்கிறது! இங்கே ஒரு சிறு குழாய் இருந்திருக்க வேண்டும். நாங்கள் போடவில்லை. "காத்துல ஆர்கான் வருமே சார், அதையும் சேக்கணுமா?" என்று நம் மாணவி கேட்டாள். "நூத்துல ஒரு பங்குகூட இல்ல, விட்டுடும்மா" என்று சொன்னவன் நான். அவளுடைய தவறல்ல, என் தவறு. ஐயா, உங்கள் கேள்வியையா அழிக்கப் பார்த்தேன்! பத்தொன்பது ஆண்டுகளில் உங்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டு நாள் இப்படித் திண்டாடியிருப்பேனா?

கணக்கு முழுவதும் மாறும். நாளை நண்பகலுக்குள் முடியுமா, தெரியவில்லை. வெல்வோமா, அதுவும் தெரியவில்லை. ஆனால் இந்த அவையில் ஒன்று சொல்கிறேன். இனி ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தாழ்வாரத்தில் நான் கோடு போடுவேன். துடைப்பதும் நானேதான், அந்த அம்மா கவலைப்பட வேண்டாம்.

இப்போது எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் அமைதியாக நிற்போம். அணியில் இருக்கும் நான்கு பேர் மட்டும் நிற்க வேண்டாம். தாழ்வாரத்துக்கு ஓடுங்கள், பெஞ்சுகளை ஓரம் தள்ளுங்கள், உலையிலிருந்து வரையத் தொடங்குங்கள். இந்த ஒரு நிமிடம் முடிந்ததும் வந்துவிடுகிறேன். வேறு யாரையும் நடக்கவிடாதீர்கள். நான்தான் ஆர்கான்.