மில் ஓய்ந்திருக்கும் ஒரு மணித்தியாலம்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அபுல் ஹஸன் ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முற்றம் நிறைந்திருக்கும் ஊரவர்களே, அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும். மேற்கே இருந்து வயல் வரப்பால் நடந்து வந்திருக்கும் வேலப்போடியாருக்கு என் வணக்கம்.

முதலில், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை அறிவிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. மர்ஹூம் கலந்தர் மாஸ்டருக்கு மரியாதை செலுத்தும் முகமாக, இன்று நான்கு மணி முதல் ஐந்து மணி வரை ஹாஜியாரின் அரிசி மில்லில் உலை மூட்டப்படமாட்டாது. இரங்கற்குழு இரண்டு தடவை கூடி, இடையில் தேநீர் அருந்தி, ஏகமனதாக இதை நிறைவேற்றியது.

மேலே பாருங்கள். கடலிலிருந்து மேற்கே வாடைக்காற்று வீசுகிறது. தை மாதத்து வானம் துப்புரவாக இருக்கிறது. இதைப் பார்க்க மாஸ்டர் இல்லையே என்று ஏங்குவதா? அவர் இல்லாததால்தான் இதைப் பார்க்கிறோம் என்று எண்ணுவதா?

கலந்தர் மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்தவர். அந்நாளில் மில்லின் புகைபோக்கி கட்டை. உலையில் எரிக்கும் உமியின் கரி நம் கடைத்தெருவிலேயே கொட்டும். ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டை தொழுகை முடிவதற்குள் புள்ளி விழுந்துவிடும். புகைபோக்கியை உயர்த்துங்கள் என்று நம் ஊர்ச் சபைக்குச் சொன்னவர் மாஸ்டர்தான். உயர்த்தினோம். தெரு வெளுத்தது. அவருக்கு மாலை போட்டோம். மாலையைக் கழற்றாமலே சைக்கிளில் வீடு போனார். அவ்வளவு மகிழ்ந்த மாஸ்டரைப் பிறகு நான் காணவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கடைசியில் வானொலியில் ஒரு செய்தி வந்தது. ஐரோப்பிய நாடுகள் ஜெனீவாவில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனவாம். ஒரு நாட்டுப் புகை இன்னொரு நாட்டில் அமில மழையாகப் பெய்து, ஏரி மீன்கள் செத்தனவாம். தங்கள் பட்டினம் சுத்தமாக இருக்கட்டுமென்று அவர்கள் செய்தது என்ன? புகைபோக்கிகளை உயர்த்தியது! மாஸ்டர் வானொலியைப் பாதியில் நிறுத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கே போனார்.

அங்கே போடியாரின் மனைவி கண்ணம்மைக்குத் தொய்வு, மூச்சிழுக்கும் நோய். வாடை பிறந்தால் அவர் படுத்து உறங்கியதில்லை. மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடியே விடியும்வரை இருப்பார். "வாடை வந்தா ஒங்கட மில்லும் எங்கட வளவுக்குள்ள வந்திரும், மாஸ்டர்" என்று போடியார் சொன்னாராம். அவர் குற்றம் சாட்டவில்லை. அவருடைய நெல்லும் அந்த மில்லில்தான் அவிகிறது. நாடுகளுக்கிடையிலும் இப்படித்தானாம்.

அடுத்த வாடையில் மாஸ்டர் மருதமுனை நெசவில் இரண்டு வெள்ளைத் துணிகள் வாங்கினார். ஒன்றைக் கடலைப் பார்த்துக் கட்டினார். மற்றதைப் போடியாரின் வளவில் கட்டினார். பருவம் முடிய இரண்டையும் சபையில் விரித்தார். கடற்பக்கத் துணி மெல்லச் சாம்பல் பூத்திருந்தது. கடலில் மில் ஏது? இது அக்கரை நாடுகளின் புகை, காற்றோடு கடல் தாண்டி வருகிறது என்று விளக்கினார். சபை கொதித்தெழுந்தது. அயல்நாடுகளை வன்மையாகக் கண்டிக்கும் தீர்மானம் அந்த அமர்விலேயே நிறைவேறியது. அந்த நாடுகளுக்கு அது இன்னும் தெரியாது.

மற்றத் துணி கறுப்பு. நம் தலைவர் அவர்கள்தான் அன்று கேட்டார்: "இது எந்த நாட்டுப் புகை, மாஸ்டர்?"

"நம்மட புகைதான், ஹாஜியார். போடியாருக்கு நாமதான் வெளிநாடு."

"அப்ப உமிய நான் எங்க கொண்டு போடுற?"

நியாயமான கேள்வி. எத்தனையோ வீட்டு அடுப்பு அந்த மில்லால் எரிகிறது. வாடை வீசும் மாதங்களில் மட்டும் உலையை நிறுத்தினால் போதும் என்றார் மாஸ்டர். அவை அறுவடை மாதங்கள். மேலும் ஆராயப்பட வேண்டிய விடயம் என்று சபை ஒத்திவைத்தது. ஒவ்வொரு வாடையிலும் அவர் துணிகளோடு வந்தார். ஒவ்வொரு வாடையிலும் ஆராய்ந்தோம்.

அவர் கேட்டது என்ன? பொன்னாடையா, பட்டமா? கண்ணம்மை ஒரு நாளாவது படுத்து உறங்கினார் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மாலை நேரங்களில் தன் வீட்டு மேற்கு வாசலில் கதிரை போட்டுக் காத்திருந்தார். அந்தக் கதிரை இன்னும் உள்ளே எடுக்கப்படவில்லை. அந்த வழியே போகும்போதெல்லாம் என் கண் அவரைத் தேடுகிறது.

மாஸ்டரே, இனி வரும் வாடைகளில் இரண்டு துணிகளையும் நான் கட்டுவேன். இந்தச் சபையில் நானே விரிப்பேன். நான் ஓய்ந்தால் என் மாணவர்கள் விரிப்பார்கள். உங்கள் மண்ணறையை அல்லாஹ் ஒளியாக்குவானாக.

முடிக்குமுன் ஒரு செய்தி. போடியாரின் மருமகன் இப்போதுதான் வந்து சொன்னார். கண்ணம்மை நாலரை மணியளவில் பாயில் படுத்து உறங்கிவிட்டாராம்.

இனி ஹாஜியார் அவர்கள் துஆ ஓதுவார். ஐந்து மணிக்கு உலை மூட்டப்படும்.