எந்த அடுப்பு நம் வீட்டுக்கு?

அவைக்குத் தலைமை தாங்கும் தெருச்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, சமையலைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தூண் மறைவில் நிற்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. பாதை மாறாமலிருக்க, பேசப்போவதை எண்ணிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: புகை போகும் குழாய்.
இரண்டு: காய்ந்த விறகு.
மூன்று: பெரிய அடுப்பே சிறந்த அடுப்பு.

இவற்றைக் கேட்டபின், வீட்டுக்கொரு விறகடுப்பு எப்படிச் செய்வது என்று தலைவர் இன்றே கொல்லரிடம் சொல்லிவிடுவார். நான் தப்பாகச் சொன்னால் தெருவே இருமும். அதுதான் என் அச்சம்.

"சத்தமா பேசுங்க ஐயா!"

பேசுகிறேன் தம்பி, பேசுகிறேன்.

முதலில் குழாய். போன மழைக்காலத்தில் என் மருமகள் ஒரு வாக்கியத்தை இருமாமல் முடித்ததில்லை. மருத்துவர் அவள் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து நான் தரேன். புகைய யார் நிறுத்துவாங்க?" என்று என்னைப் பார்த்தார். பீடியைத் தொடாத பெண்ணின் நெஞ்சில் புகை எப்படி வந்தது? எங்கள் பழைய அடுப்பு ஊட்டியது! கண்ணைக் கலக்கியது, கரியைப் பூசியது, காற்றைக் கெடுத்தது! உடனே கொல்லரிடம் போய், குழாய் வைத்த புது அடுப்பு கேட்டேன். குழாய் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்தில் இடைவெளி விட்டுத் தகடு வைக்க வேண்டும். இல்லையேல் கூரையே விறகாகிவிடும். உள்ளே படியும் கரியை அவ்வப்போது துடைக்க வேண்டும். குழாய் இருக்கிறதே என்று சன்னலைச் சாத்திவிடாதீர்கள்.

அடுத்து விறகு. ஈர விறகு எரிவதில்லை, அழுகிறது. தன்னைக் காயவைக்கவே தன் சூட்டைத் தின்றுவிடுகிறது. பிளந்து, மழை படாமல், காற்றுப் பட அடுக்குங்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டக்'கென்று கேட்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரர் தலைய தட்டினாலும் டக்குன்னுதான் கேக்குது!"

அப்படியானால் அவரையும் மழையில் விடாதீர்கள் அம்மா.

மூன்றாவது, அளவு. "சின்னதா போதுமே ஐயா" என்றார் கொல்லர். நான் கேட்பேனா? பெரிய வாய், பெரிய வயிறு, பெரிய அனல் என்று கணக்குப் போட்டுப் பெரிதாகவே செய்ய வைத்தேன். விளைவு என்ன? மருமகளின் இருமல் அடங்கியது! விறகுச் செலவு பாதியாயிற்று! மாடிப்படி ஏறும்போது பாட்டே பாடுகிறாள்! ஆகவே அவையோரே...

"மாமா, ஒரு நிமிஷம்."

யார்? என் மருமகளே எழுந்து நிற்கிறாள். சொல்லம்மா.

"அந்த அடுப்புக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டி படுத்துக்கலாம் மாமா. நாலு பேருக்குச் சமைக்க அது எதுக்கு? எவ்வளவு விறகு போட்டாலும் தீ பாத்திரத்த எட்டல, கெடந்து புகைஞ்சுது. அப்புறம் கொல்லர் அண்ணன்கிட்ட சூடு தாங்குற கல்லு வாங்கி உள்ள அடுக்கி, வயித்த பாதியா சுருக்கிட்டேன். அதுக்கப்புறந்தான் இருமல் நின்னுச்சு."

என்னிடம் ஏனம்மா சொல்லவில்லை?

"ஆசையா செஞ்சு கொண்டாந்தீங்க. மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன். இப்போ தலைவர் எல்லாருக்கும் அதே அடுப்புன்னு தலையாட்டறாரே! இன்னும் எத்தன பேர் இருமணும்?"

சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். குழாயைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். அடுப்புக்குள் குனிந்து பார்த்தேனா? கொல்லர் சொன்னதைத் தள்ளினேன், என் கணக்கை நம்பினேன், சமைப்பவளைக் கேட்டேனா?

தலைவர் அவர்களே, தலையாட்டலை நிறுத்துங்கள். எத்தனை பேருக்குச் சமையல், எந்தப் பாத்திரத்தில் சமையல் என்று வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். சமைக்கிற கை அளவு சொல்லட்டும், கொல்லரின் கை அடுப்புச் செய்யட்டும். அப்படிச் செய்தால், வருகிற மழையில் இந்தத் தெருவின் புகையெல்லாம் கூரைக்கு மேலே! சிரிப்பெல்லாம் கூரைக்குக் கீழே!

பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும், பொறுக்காமல் எழுந்த என் மருமகளுக்கும் நன்றி. என் மூன்றாவது கருத்து தவறு, அதை அடித்துவிடுங்கள். வணக்கம்.