சின்னதின் மூச்சு

விடியக்காலை நாலரை மணி. பாலத்துக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடக்கும் பெயின்ட் கம்பெனியை ஒட்டிப் போகிற சாலை. விளக்கு இல்லை. நாய்கூட இல்லை. ஒரே ஒரு பழைய கார்... அதில் நம் ஃபோர்க்லிஃப்ட்காரனின் அக்கா புருஷன். வீட்டுச் சட்டை. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் பெண்டாட்டி செருப்பு.

அடுத்த லோடு இறங்க நேரமிருக்கிறது. கிட்ட வந்து உட்காருங்கள். ஃபோர்க்லிஃப்ட்காரன் இங்கேதான் இருக்கிறான். பொய்யென்றால் அவனே சொல்லட்டும்.

அந்த மனிதருக்குப் பாட்டு மிக்சிங் தொழில். வாடகைக்கு எடுத்த சின்ன ஸ்டுடியோ. ஒரு ராக் பேண்டின் முதல் முழு ஆல்பம் அவர் கைக்கு வந்தது. வாசிக்க மூன்று பையன்கள், பாட ஒரு பெண். அந்தப் பெண் நம் ஃபோர்க்லிஃப்ட்காரனின் தங்கச்சி. அவருக்குக் கொழுந்தியாள். வீட்டில் 'சின்னது' என்றுதான் பெயர். அதுவரை இணையத்தில் உதிரியாய் ஒன்றிரண்டு பாட்டு விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இந்த ஆல்பத்துக்காகச் சின்னது பார்த்த வேலையை விட்டது. தலைமுடியை ஒட்ட வெட்டியது. வீட்டில் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

பாடுகிறவர் வரிக்கு வரி மூச்சை இழுப்பார் இல்லையா? அது மைக்கில் விழும். 'ஹ்க்' என்று. மிக்சிங்கில் கொஞ்சம் அமுக்கி வைப்பார்கள். முழுக்க எடுக்க மாட்டார்கள். ஆனால் ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனி ஆள் ஒற்றைக்காலில் நின்றான். "மூச்சு சத்தம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது சார். கண்ணாடி மாதிரி வேணும்."

உட்கார்ந்து ஒவ்வொன்றாய் வெட்டினார். சின்னது பக்கத்தில் புதினா மிட்டாயைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தான், வெட்டுன மூச்செல்லாம் எங்க போகும்?"

"குப்பைக்கு."

"அடப்பாவி!"

"அவன் கேட்டது பாட்டு. உன் மூச்ச எவன் கேட்டான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வேலை முடிந்தது. டிஸ்க்கில் இடமில்லை. 'பயன்படாத துண்டுகளை அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று தட்டினார்.

ஆல்பம் வெளியான அன்று சாயங்காலம் வீடே கூடியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். முதல் வரி முடியவில்லை... சின்னது தொண்டையைப் பிடித்துக்கொண்டது. "பாரு, சொந்தக் குரலக் கேட்டு அழுவுது" என்று அக்கா சிரித்தாள். அது அழவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நடுவில் கிட்டார் மட்டும் வாசிக்கிற இடம் வந்தது. அப்போது இழுத்தது பாருங்கள் ஒரு மூச்சு... தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவள் மாதிரி.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். நுரையீரல் சுத்தம் என்றார்.

மறுவாரம் சின்னது அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது. அத்தான் மாடியில், காதில் ஹெட்போன் மாட்டி, ஏதோ சரிபார்க்க மூன்றாவது பாட்டைப் போட்டார். கீழே தட்டுகள் விழுந்து உடைந்தன. நிறுத்தினார். இருமல் கேட்டது. மறுபடி போட்டார். இருமல் அப்படியே நின்றுபோனது.

அதன்பிறகு எங்கே யார் கேட்டாலும் இங்கே தெரிந்தது. சாப்பிடும்போது... குளிக்கும்போது... தூக்கத்தில். பாட்டு முடியும்வரை, இல்லை கிட்டார் வரும்வரை, சின்னது சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். கடைசிப் பாட்டுதான் கொடுமை. அதில் கிட்டார் இடைவெளி இல்லை. வேண்டவே வேண்டாம் என்று சண்டைபோட்டு அதை எடுக்கவைத்ததே சின்னதுதான்.

நல்லவேளை, ஆல்பம் படுத்துவிட்டது. டிரம்ஸ் அடிக்கிற பையன் வீட்டுக்கே வந்து புலம்பினான். "நாய்கூடக் கேக்க மாட்டேங்குதுக்கா."

"கேக்காமலே இருக்கட்டும்டா" என்றாள் அக்கா. அவன் விழித்தான்.

கம்பெனியில் போய் ஆல்பத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். "கையெழுத்துப் போட்டாச்சுல்ல?" என்றான் அந்த ஆள். மூச்சுக் கதையைச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டு வாசலைப் பார்த்தான்.

அப்புறம் அந்த விடியக்காலை. எவனோ ஒருவன் தூக்கம் வராமல் கடைசிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். சின்னது தரையில் கிடந்து நகத்தால் பாயைப் பிறாண்டியது. வெட்டிய மூச்சில் ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்காதா, பாட்டில் ஒட்டிப் புதிதாய் அனுப்பிவிடலாம் என்று அத்தான் காரை எடுத்தார்.

ஸ்டுடியோவைத் திறந்தார். புதினா வாசனை.

டிஸ்க்கில் எதுவும் இல்லை. தேடிக்கொண்டிருந்தவர் கண்ணில், மிக்சிங் போர்டில் சின்னதின் மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் முள் பட்டது. லேசாய்த் துள்ளியது. அடங்கியது. மறுபடி துள்ளியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு அறை. காலி. மைக் மட்டும் நின்றது.

ஹெட்போனை மாட்டினார்.

'ஹ்க்.'

கொஞ்சம் கழித்து... 'ஹ்க்.'

எல்லாம் உள்ளே இழுக்கிற மூச்சு. வெளியே விடுகிற சத்தம் ஒன்றுகூட இல்லை. அவர் வெட்டினது இழுக்கிற மூச்சைத்தானே.

ரெக்கார்டை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. முள் துள்ளத் துள்ளப் பதிவு செய்தார். ஓடவிட்டுப் பார்த்தார்... வெறும் மௌனம். மறுபடி பதிந்தார். மௌனம். விடியும்வரை அந்த மனிதர் அதையே செய்துகொண்டிருந்தார். கண்ணெதிரே முள் துள்ளுகிறது, பிடிக்க முடியவில்லை.

அன்று சின்னது பிழைத்தது. பாட்டுப் போட்டவன் தூங்கிவிட்டான்போல.

இதுதான் கதை. ஏன் இவன் நம்மில் யார் போனில் பாட்டுப் போட்டாலும் பிடுங்கிப் பார்க்கிறான் என்று கேட்டீர்களே...

சொல்லி வாய் மூடவில்லை. சரக்கு இறக்கக் காத்திருந்த லாரியில் டிரைவர் ரேடியோவைத் திருப்பினான். ஒரு பெண் குரல். வரிக்கு வரி இடைவெளியே இல்லாமல், கண்ணாடி மாதிரி. சின்னதின் பாட்டு இதுவரை ரேடியோவில் வந்ததே இல்லை.

ஃபோர்க்லிஃப்ட்காரன் பாய்ந்துபோய்க் கதவில் ஏறி ரேடியோவை அணைத்தான்.

"என்னாச்சுப்பா, நல்லாத்தானே பாடுது?" என்றான் டிரைவர்.

அணைத்து என்ன செய்ய? வாசல் காவலாளியின் கூண்டிலிருந்து அதே பாட்டு வந்துகொண்டிருந்தது. ரோட்டில் போன காரிலும் அதேதான்.

வீட்டுக்குப் போன் போட்டான். விரல் தவறி ஸ்பீக்கரில் விழுந்தது. மணி அடித்தது... அடித்தது... எடுத்தார்கள்.

"சின்னதே..."

'ஹ்க்.'

மூச்சை இழுத்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. போனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். பாட்டு எப்போதோ முடிந்துவிட்டது.

இன்னும் விடவில்லை.