முந்நூறு உயர்ரகப் பெயரடைகள்

எனக்குக் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். இங்கிலீஷும் அப்படித்தான். வெறும் 'குட்', 'பிக்' என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஆர்.எஸ்.புரத்தில் பதினாறு வருடமாக, வெளிநாடு போகிறவர்களுக்கான இங்கிலீஷ் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு வகுப்பு நடத்துகிறேன். முந்நூறு உயர்ரகப் பெயரடைகளை நானே தொகுத்து, அட்டையில் என் படத்தோடு புத்தகமாகவும் போட்டிருக்கிறேன்.

லோகப்பிரியா பெரியநாயக்கன்பாளையத்துப் பெண், நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு எடுத்துவிட்டது. பேச்சுத் தேர்வில் மட்டும் ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும், ஒரு வருடம் காத்திருக்கிறோம் என்றார்கள். முதல் நாள் அவளைத் தன் அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னேன். பம்ப் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தும் அம்மா தனக்குத் தலை பின்னிவிட்டதை, சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில் சொன்னாள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறைப்பானேன், என் கண்ணும் கலங்கியது. தாராளமாக எட்டு போடலாம்.

பிறகு என் புத்தகத்தைக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க சார், வார்டுல இப்பிடிப் பேசுனா பேஷண்டு பயந்துக்க மாட்டாங்களாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் மதிப்பெண் தாளில் ஐந்தரை என்று எழுதினேன்.

கோபத்தில் செய்ததாக நினைக்க வேண்டாம். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. தினமும் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கினேன். அம்மாவைப் பற்றிய பேச்சை நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன். தலை பின்னியதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அம்மா 'இன்டெஃபட்டிகபிள்' ஆனார், அதாவது களைப்பே அறியாதவர். கூடவே இன்னும் பதினோரு பெயரடைகள். எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும்வரை விடவில்லை.

மனப்பாடம் செய்து ஒப்பித்தால் தேர்வாளர் பாதியிலேயே கையமர்த்திவிடுவார். அது எனக்குத் தெரியும். என்னையே இரண்டு முறை அப்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

அவளை மூன்று முறை நிறுத்தினார்கள். ஆறு, ஐந்தரை, ஐந்து. ஒவ்வொரு முறையும் இன்னும் இருபது பெயரடைகள் கொடுத்தேன். வருடம் முடிந்ததும் அயர்லாந்துக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வந்து என் எதிரில் நின்று அழுதாள்.

"நீங்க அத்தன தூரம் சொல்லிக் குடுத்தீங்க சார். நாந்தானுங்க உள்ள போனதும் எல்லாத்தையும் மறந்துபோட்டேன்."

"பரவாயில்ல கண்ணு," என்றேன்.

இப்போது என்னிடமே வேலை பார்க்கிறாள், முன்மேசையில். புதிதாகச் சேர வருகிறவர்கள் பெயர் என்னவென்று கேட்டால்கூட, சொல்லலாமா என்று ஒருதரம் என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நான் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறக்கிறாள். பதினாறு வருடத்தில் என் புத்தகத்தின் அருமை தெரிந்த ஒரே மாணவி அவள்தான்.